சி.எஸ்.எஸ்.டி. படிப்பில் சேர விண்ணப்பிப்பது எப்படி? கொங்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "ஏனுங்க்கா, பிள்ளைக்கு நர்சிங் சீட் கிடைக்கலைங்க. ஆஸ்பத்திரியில வேற என்ன படிப்பு இருக்குதுங்க?" பல்லடம், அன்னூர், கோபி, காங்கயம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்பார்கள். நான் கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் சி.எஸ்.எஸ்.டி.யில் சூப்பர்வைசர். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் இன்டர்வியூவில் உட்காருவதும் என் வேலையில் சேர்த்தி. போனில் துண்டு துண்டாகச் சொல்வதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

சி.எஸ்.எஸ்.டி. என்பது சென்ட்ரல் ஸ்டெரைல் சப்ளை டிபார்ட்மெண்ட். ஆபரேஷன் முடிந்து தியேட்டரிலிருந்து வரும் கத்தரி, ஃபோர்செப்ஸ், டிரில், துணி எல்லாம் இங்கேதான் வந்து சேரும். கழுவி, சரிபார்த்து, பேக் செய்து, ஆட்டோகிளேவில் (அழுத்தத்தில் உள்ள நீராவியால் கிருமியைக் கொல்லும் மெஷின்) போட்டு எடுத்து, கிருமி இல்லை என்று பதிவு எழுதித் திருப்பி அனுப்புவோம். நோயாளி எங்கள் முகத்தைப் பார்ப்பதே இல்லை. ஆனால் அவர் உடம்பைத் திறக்கும் ஒவ்வொரு கருவியும் எங்கள் கையைத் தாண்டித்தான் போகிறது.

முதலில் ஒரு தடவை போய்ப் பாருங்கள்

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் இந்த வேலை நடக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். பக்கத்தில் உள்ள பெரிய மருத்துவமனையின் ஹெச்.ஆர். அலுவலகத்தில் போய், "இந்தப் படிப்பில் சேரலாம் என்று இருக்கிறேன், பிரிவைக் கொஞ்சம் காட்ட முடியுங்களா" என்று மரியாதையாகக் கேட்டால், கூட்டம் குறைவான நேரத்தில் பல இடங்களில் விடுவார்கள். ஸ்டெரைல் பகுதிக்குள் விடமாட்டார்கள். வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தாலே போதும். அழுக்குக் கருவிகள் வரும் பகுதி, பேக்கிங் பகுதி, ஸ்டெரைல் ஸ்டோர் என்று மூன்றாகப் பிரித்திருப்பார்கள். கருவி ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம்தான் வெளியே வரும். வந்த வழியே திரும்பாது. இந்த ஒழுங்கு அங்கே எவ்வளவு கறாராக நடக்கிறது என்று கவனித்து வையுங்கள்.

ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், இது உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை. ஷிப்ட் முழுக்க நிற்க வேண்டும். கழுவும் இடத்தில் கவுன், தடிமனான கையுறை, முகத்துக்கு ஷீல்டு எல்லாம் போட்டுக்கொண்டு நிற்கும்போது சித்திரை மாதத்து வெயில் உள்ளேயே அடிக்கும். எலும்பு ஆபரேஷன் செட்டுகள் கனமாக இருக்கும். ஒரு செட் சுமார் 11 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்கத் தரநிலை. இரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும் என்கிற பிள்ளைக்கு அது அங்கேயே தெரிந்துவிட்டால் ஒரு வருடமும் கட்டணமும் மிச்சம்.

உண்மையான வேலை எது என்று ஒரே ஒரு கருவியை வைத்துச் சொல்கிறேன். ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ். இரத்தக் குழாயைப் பிடித்து நிறுத்துகிற சின்ன இடுக்கி; ஒரு செட்டில் பல இருக்கும். இரண்டு கை சேரும் மூட்டு இருக்கிறதே, அதைப் பாக்ஸ் லாக் என்போம். மூடியபடி கழுவினால் வெளியே பளபளவென்று இருக்கும், அந்த மூட்டுக்குள் இரத்தம் அப்படியே நிற்கும். அதனால் ஒவ்வொன்றையும் திறந்து, மூட்டில் பிரஷ் போட்டு, பிறகு விளக்கு வைத்த லென்ஸில் பார்க்க வேண்டும். பற்களின் இடுக்கில் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தால் திரும்பக் கழுவும் இடத்துக்குத்தான். முதல் அலசலுக்குக் கொதிக்கிற தண்ணீர் ஆகாது. சூடு பட்ட முட்டை இறுகுகிற மாதிரி இரத்தத்தில் உள்ள புரதமும் இறுகிக் கருவியோடு ஒட்டிக்கொள்ளும். அழுக்கு இருந்தால் அதன் அடியில் நீராவி போகாது. ஆட்டோகிளேவில் எத்தனை நேரம் வைத்தாலும் அந்தக் கருவி ஸ்டெரைல் ஆகாது. இந்த ஒன்றை மனசில் வாங்கிக்கொண்டு வருகிற பிள்ளையை நான் உடனே எடுத்துக்கொள்வேன்.

எங்கே, எந்தப் படிப்பு

அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒரு வருடச் சான்றிதழ்ப் படிப்புகள் உண்டு. அதில் தியேட்டர் டெக்னீஷியன் படிப்பு நமக்கு மிக நெருக்கமானது. கிருமிநீக்கமும் அதில் ஒரு பகுதி. மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு ஆன்லைனில் விண்ணப்பம் வாங்கி, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு நடத்தி இடம் கொடுக்கும். இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். கோயம்புத்தூர், பெருந்துறை, சேலம், கரூர், திருப்பூர், நாமக்கல் என்று நம் வட்டாரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு, எத்தனை இடம் என்பது அந்த வருடத்து விளக்கக் குறிப்பேட்டில் இருக்கும். பக்கத்து வீட்டு அண்ணன் போன வருடம் சொன்னதை நம்பாமல் அதை ஒரு முறை முழுசாகப் படியுங்கள். அறிவிப்பு வந்த பிறகு கொடுக்கும் நாட்கள் குறைவு. அதனால் ஜூன் பிறந்ததுமே வாரத்துக்கு இரண்டு முறை அந்த வலைத்தளத்தைத் திறந்து பார்ப்பது நல்லது.

மதிப்பெண் நன்றாக இருந்து, நாலு வருடம் படிக்க வீட்டில் முடியும் என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர் அண்ட் அனஸ்தீசியா டெக்னாலஜி. பயிற்சி வருடமும் சேர்த்துத்தான் நாலு. பின்னால் சூப்பர்வைசர் பதவிக்குப் போக இந்தப் பட்டம் கைகொடுக்கும்.

மூன்றாவது, தனியார் மருத்துவமனைகளும் அவற்றின் கல்லூரிகளும் நடத்துகிற சி.எஸ்.எஸ்.டி. டெக்னீஷியன் பயிற்சி. இங்கேதான் கவனம் வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் நாலு நாற்காலி போட்டு, "100 சதவீத வேலை" என்று போர்டு மாட்டியிருக்கிற இடங்களும் உண்டு. ஒரு பிள்ளை அப்படி ஓர் இடத்தில் படித்துவிட்டு எங்களிடம் இன்டர்வியூவுக்கு வந்தாள். புத்தகத்தில் இருப்பதை எல்லாம் ஒப்பித்தாள், ஆட்டோகிளேவ் கதவை ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. அப்பா தறி ஓட்டிக் கட்டிய பணம். எனக்கு வயிறு எரிந்துவிட்டது.

அதனால் பணம் கட்டும் முன் நேராகவே கேளுங்கள். சான்றிதழில் யார் பெயர் இருக்கும்: பல்கலைக்கழகமா, அரசா, இல்லை அந்த நிறுவனம் மட்டுமா? பயிற்சி எந்த மருத்துவமனையில், அங்கே ஒரு நாளைக்கு எத்தனை ஆபரேஷன் நடக்கிறது? நீராவி ஆட்டோகிளேவ் தவிர, சூடு தாங்காத கருவிகளுக்கான இ.டி.ஓ. (எத்திலீன் ஆக்சைடு வாயு), பிளாஸ்மா (ஹைட்ரஜன் பெராக்சைடு) மெஷின்கள் இருக்கின்றனவா? மாணவர்களைத் தொட விடுவார்களா, நிற்கவைத்துக் காட்டுவார்களா? 2021இல் மத்திய அரசு துணை மருத்துவப் பணிகளுக்கென்று ஒரு தேசிய ஆணையச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி உங்கள் படிப்பு எங்கே நிற்கிறது என்றும் கேட்டுவையுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் பணம் கட்டாதீர்கள். இதில் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது கைப்பழக்கம்தான். பெரிய கட்டடமும் ஏசி வகுப்பறையும் இருந்து மெஷினைத் தொட விடாத கல்லூரியைவிட, தினமும் பத்து செட் கழுவிப் பேக் செய்ய வைக்கிற சின்ன மருத்துவமனை மேல்.

காகிதங்கள்

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், தேவைப்பட்டால் இருப்பிடம், வருமானச் சான்று. கடைசி இரண்டும் இ-சேவை மையத்தில் போட்டால் வந்துவிடும், ஆனால் ரிசல்ட் சமயத்தில் வரிசை நீளும், ஏப்ரலிலேயே போட்டுவையுங்கள். அதிகம் சிக்குவது பெயர்தான். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லை. மதிப்பெண் பட்டியலில் உள்ளதை வைத்து மற்ற இரண்டையும் திருத்திக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பிளஸ் டூ வரை படித்த பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் நம்ம கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கப்பட்டது. உங்கள் படிப்பு அதில் சேருமா என்று கல்லூரி அலுவலகத்தில் சேரும் அன்றே கேளுங்கள்.

இன்னொரு காகிதம் பலருக்கு நினைவுக்கே வராது: ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி அட்டை. கூர்மையான, இரத்தம் பட்ட கருவிகளோடு புழங்கும் வேலை இது. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதம் மூன்றாவது. விண்ணப்பம் போடும் வாரத்திலேயே முதல் ஊசி போட்டுக்கொண்டால் கழுவும் பகுதிக்குள் போவதற்குள் இரண்டாவதாவது முடிந்திருக்கும்.

கடிதமும் இன்டர்வியூவும்

தனியார் பயிற்சிகளில் ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். "சிறு வயது முதலே மருத்துவ சேவையில் ஆர்வம்" என்று ஆரம்பிக்கிற கடிதங்கள் எங்கள் மேஜையில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. அதற்குப் பதில் உங்கள் கை என்ன செய்து பழகியிருக்கிறது என்று எழுதுங்கள். திருப்பூரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள், லீவு நாட்களில் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றதாகவும், ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்கியதாகவும். தியேட்டர் துணியை நாங்களும் அடியில் விளக்கு வைத்த மேஜையில் விரித்து ஓட்டை பார்த்துத்தான் மடிக்கிறோம். அந்த ஒரு வரிக்காகவே அவளைக் கூப்பிட்டோம். இன்று எங்கள் பேக்கிங் மேஜையில் அவள்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்.

இன்டர்வியூவில் கேட்கும் கேள்விகள் கஷ்டமானவை இல்லை. கிருமிநாசினியில் ஊறவைப்பதற்கும் ஸ்டெரைல் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? ஸ்டெரைல் என்றால் சில பாக்டீரியாக்கள் உண்டாக்கும் வித்துகள்கூட உயிரோடு இருக்கக் கூடாது. அவைதான் சாவதற்குக் கடினமானவை. ஆட்டோகிளேவ் என்ன சூட்டில் ஓடும்? 121 டிகிரி அல்லது 134 டிகிரி செல்சியஸ். சூடு கூடினால் நேரம் குறையும். பேக்கின் மேல் ஒட்டும் இண்டிகேட்டர் டேப்பில் கோடு கறுத்துவிட்டால் உள்ளே ஸ்டெரைல் ஆகிவிட்டதா? இல்லை. அந்தப் பேக் மெஷினுக்குள் போய் வந்தது என்று மட்டும்தான் அது சொல்லும். அதனால்தான் காலையில் வெற்று மெஷினில் போவி-டிக் டெஸ்ட் ஓட்டிக் காற்று முழுதாக வெளியேறுகிறதா என்று பார்க்கிறோம். வித்துகள் அடைத்த குப்பியை லோடுக்குள் வைத்து எடுத்து, அவை செத்தனவா என்று வளர்த்தும் பார்க்கிறோம். பிளாஸ்மா மெஷினில் காகிதமோ பருத்தித் துணியோ ஏன் வைக்கக் கூடாது? அவை ஹைட்ரஜன் பெராக்சைடை உறிஞ்சிவிடும்.

நம் ஊருக்கே உரிய ஒரு கேள்வியை நான் எப்போதும் கேட்பேன்: கழுவி எடுத்த கருவியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி ஏன் வருகிறது? போர்த் தண்ணியில் குளித்து, குழாயில் உப்புப் படிந்ததைப் பார்த்து வளர்ந்த அவினாசிப் பக்கத்துப் பிள்ளைகள் டக்கென்று சொல்லிவிடுவார்கள். அதனால்தான் கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் வைத்திருக்கிறோம்.

அப்புறம், ஒரு செட் கை தவறிக் கீழே விழுந்துவிட்டது, பக்கத்தில் யாரும் இல்லை, தியேட்டரில் அவசரமாகக் கேட்கிறார்கள், என்ன செய்வீர்கள் என்று கேட்போம். "சூப்பர்வைசரிடம் சொல்லி அதை எடுத்து வைத்துவிட்டு வேறு செட் கொடுப்பேன்" என்பதுதான் பதில். இதைச் சொல்ல ஒரு நொடி தயங்கினாலும் எங்களுக்குத் தெரிந்துவிடும். இங்கிலீஷ் தடுமாறினால் பரவாயில்லை, தமிழிலேயே சொல்லுங்கள். ஆனால் லேபிளில் கருவியின் பெயரை ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுத வேண்டும். அதை மட்டும் முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்.

வெளிநாடு போகிற எண்ணம் இருந்தால்

அமெரிக்காவில் இதைக் கம்யூனிட்டி காலேஜ்களிலேயே ஸ்டெரைல் பிராசஸிங் என்று கற்றுத் தருகிறார்கள். ஹெச்.எஸ்.பி.ஏ. என்ற அமைப்பு தரும் சி.ஆர்.சி.எஸ்.டி. சான்று அங்கே பரவலாகக் கேட்கப்படுவது. தேர்வோடு 400 மணி நேரக் கைப்பயிற்சியும் வேண்டும். நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் சான்று இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்த எண்ணம் உள்ளவர்கள் இங்கே பயிற்சியில் சேர்ந்த நாளிலிருந்தே ஒரு நோட்டில் தேதி, செய்த வேலை, மணி நேரம் எழுதி சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிவாருங்கள். வருடம் கழித்து வந்து கேட்டால் யாராலும் மனசறிந்து கையெழுத்துப் போட முடியாது.

சேரும் நாளில் நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வழுக்காத, முன்பக்கம் மூடிய ஷூ வேண்டும். செருப்போடு வந்தால் உள்ளே விடமாட்டோம். காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் கண்ணு. கழுவும் பகுதியில் கவுன் போட்டுவிட்டால் இடையில் தண்ணீர் குடிக்கக்கூட எல்லாவற்றையும் கழற்றிக் கை கழுவிவிட்டுத்தான் வெளியே வர முடியும்.