பவளத் தொட்டியில் அனிமோன்: நடக்கும் விருந்தாளிக்கே முதல் இடம்

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் பவளத்தை எங்கே ஒட்டினாலும் அது அங்கேயே இருக்கும். அனிமோன் அப்படி இருக்காது. கடல் சாமந்தி என்று பூப்பெயர் வைத்திருந்தாலும் அது ஒரு பிராணி. இடம் பிடிக்கவில்லை என்றால் பாதத்தைத் தளர்த்திக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக நகர்ந்துவிடும், போகிற வழியில் உரசும் பவளத்தையெல்லாம் கொட்டிக் காயப்படுத்தும். அதற்கு நகரும் தேவையே வராதபடி தொட்டியை அமைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே சொல்வது பபிள் டிப் என்ற அனிமோன் வகைக்கு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதுதான் தோது. கார்ப்பெட் அனிமோன் மீனையே பிடித்து விழுங்கும், இப்போதைக்கு வேண்டாம்.

1. தொட்டி பழகட்டும்

நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி சுமார் 240 லிட்டர் பிடிக்கும். இந்த அளவு இருந்தால் தண்ணீரின் தன்மை சட்டென்று மாறாது. தண்ணீர் நிரப்பி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், ஒரு வருடம் என்றால் இன்னும் நல்லது. புதுத் தொட்டியில் அனிமோன் சுருங்கிச் சாவதற்குப் பெரும்பாலும் இந்த அவசரம்தான் காரணம்.

உப்பு கலக்க ஆர்.ஓ. (சவ்வு வடிகட்டி), டி.ஐ. (அயனிகளை நீக்கும் வடிகட்டி) இரண்டும் தாண்டிய, டி.டி.எஸ். (கரைந்திருக்கும் பொருட்களின் அளவு) பூஜ்யம் காட்டும் தண்ணீரே வேண்டும். பார்க்க வேண்டிய அளவுகள்:

- உப்புத் தண்ணீரின் அடர்த்தி (நல்ல தண்ணீர் 1 என்றால்) 1.025 – 1.026
- வெப்பம் 25 – 26 டிகிரி செல்சியஸ்
- காரத்தன்மை 8 – 9 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு)
- கால்சியம் 400 – 450 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு)
- நைட்ரேட் 5 – 10 பி.பி.எம்.

நைட்ரேட்டைப் பூஜ்யமாக்கத் துடிக்காதீர்கள், பவளமும் பட்டினி கிடக்கும். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் அல்ல. உப்பு ஆவியாவதில்லையே! சென்னை வெயிலுக்கு மின்விசிறி மட்டும் போதாது, சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. தனித்தீவு

முக்கியமான வேலை இதுதான். பெரிய பாறைக் குவியலைத் தொடாமல், மணல் சூழ ஒரு பாறையைத் தனியாக நிறுத்துங்கள். சுற்றிலும் 15 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். வெறும் மணலில் நடக்க பபிள் டிப் தயங்கும் என்றாலும், இது கோட்டைச் சுவர் அல்ல, வேலிதான். அந்தப் பாறையில் ஆழமான பொந்து ஒன்று இருக்க வேண்டும். அனிமோன் பாதத்தைப் பொந்துக்குள் ஒளித்துக்கொண்டு உணர்கொம்புகளை மட்டும் வெளிச்சத்தில் விரிக்கும்.

3. வேவ்மேக்கருக்கு (அலை எழுப்பும் பம்ப்) மூடி

நகரும் அனிமோன் பம்ப் விசிறிக்குள் சிக்கினால் துண்டு துண்டாகும், அந்தக் கழிவு ஒரே இரவில் தொட்டி முழுவதையும் கெடுக்கும். எல்லா பம்புக்கும், ஓவர்ஃப்ளோ (தண்ணீர் வழிந்து வெளியேறும்) வாய்க்கும் ஸ்பாஞ்ச் அல்லது வலை மாட்டுங்கள். ஸ்பாஞ்சை வாரம் ஒருமுறை அலசாவிட்டால் நீரோட்டம் குறைந்துவிடும்.

4. வாங்குவதும் இறக்குவதும்

வாய் மூடியிருக்கிறதா, பாதம் கிழியாமல் இருக்கிறதா, நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். பளீர் வெள்ளை அழகல்ல, உள்ளே வாழும் பாசியை இழந்துவிட்டது என்று பொருள்.

பையைத் தொட்டியில் 15 நிமிடம் மிதக்கவிடுங்கள். பிறகு மெல்லிய குழாய் வழியே ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைப் பைத் தண்ணீரில் சேருங்கள். பம்புகளை நிறுத்திவிட்டு அனிமோனைப் பொந்தருகே விடுங்கள், பாதம் பிடித்ததும் பம்புகளை ஓடவிடலாம். உங்களுக்குப் பிடிக்காத இடத்தில் ஒட்டிக்கொண்டால் கத்தியால் நெம்பக் கூடாது. பாதம் கிழிந்தால் பிழைப்பது அரிது.

5. பவளம் பிறகு

அனிமோன் ஒரு மாதம் அசையாமல் இருந்தபின் பவளத்தைக் கொண்டுவாருங்கள். ஜோவான்தஸ், மஷ்ரூம், லெதர் வகைகளில் தொடங்கலாம். லெதர் பவளம் தண்ணீரில் ரசாயனம் கசியவிடும் என்பதால் ஆக்டிவேட்டட் கார்பன் (ரசாயனத்தை உறிஞ்சும் கரி) எப்போதும் இருக்கட்டும். கேலக்ஸியா என்ற பவளம் வேண்டாம், அதன் நீண்ட கொட்டும் இழைகளுக்கு அந்த 15 செ.மீ. இடைவெளியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு: பவளப்பாறைகளை (ரீஃப்) உருவாக்கும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யார் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

6. தீனியும் கவனிப்பும்

வாரம் ஒருமுறை, அதன் வாயைவிடச் சிறிய இறால் துண்டு ஒன்று போதும். பெரிதாகக் கொடுத்தால் மறுநாள் கக்கிவிடும். அனிமோனுக்குள் வாழும் கோமாளி மீன் கட்டாயமில்லை. அனிமோன் அவ்வப்போது சுருங்கி விரிவதும் பழுப்புக் கழிவைத் துப்புவதும் சாதாரணம், பதறவேண்டாம். சில சமயம் அதுவே இரண்டாகப் பிரியும். அப்போது இரண்டில் ஒன்று இடம் தேடிக் கிளம்பலாம், பம்ப் மூடிகளைச் சரிபாருங்கள்.

வாய் திறந்தே தொங்கி, உடல் குழைந்து, அழுகல் நாற்றம் வந்தால் அது செத்துவிட்டது. உடனே எடுத்துவிட்டு, 30 சதவீதத் தண்ணீரை மாற்றி, கார்பனையும் புதிதாகப் போடுங்கள். மீனுக்கு நோய் என்று தாமிர மருந்தை மட்டும் இந்தத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். அனிமோன், பவளம் இரண்டுமே போய்விடும். மருத்துவம் வேறு தொட்டியில்.