குமரி மாவட்டத்தில் வாக்காளர் திரட்சியைக் கணக்கிட்டு அறிவது எப்படி?

கூட்டணி என்றதும் நாம் கட்சிகளின் உடன்பாட்டையே நினைக்கிறோம். யாருக்கு எத்தனை தொகுதி, எந்தச் சின்னம் என்பதோடு அந்தச் சொல் நின்றுவிடுகிறது. வாக்காளர்கள் தமக்குள் பேசிவைக்காமலேயே ஒரு பக்கமாகச் சேர்வது வேறு. அதை இங்கே வாக்காளர் திரட்சி என்று குறிப்பிடுகிறேன். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதைக் கன்னியாகுமரி மாவட்டத்தின் அண்மைக்கால முடிவுகள் தெளிவாகக் காட்டுகின்றன.

2014 மக்களவைத் தேர்தலில் இங்கே பாரதிய ஜனதா 3,72,906 வாக்குகளும், காங்கிரஸ் 2,44,244 வாக்குகளும், தனித்தனியே நின்ற அ.தி.மு.க. 1,76,239 வாக்குகளும், தி.மு.க. 1,17,933 வாக்குகளும், மார்க்சிஸ்ட் கட்சி 35,284 வாக்குகளும் பெற்றன. 2019 இல் அ.தி.மு.க. பா.ஜ.க.வுடன் சேர்ந்தது, தி.மு.க.வும் இடதுசாரிகளும் காங்கிரஸுடன் நின்றனர். பழைய எண்களைக் கூட்டினால் பா.ஜ.க. அணிக்கு ஏறத்தாழ 5,49,000, காங்கிரஸ் அணிக்கு 3,97,000 வந்திருக்க வேண்டும். வந்ததோ நேர்மாறு: பா.ஜ.க. அணிக்கு 3,67,302, காங்கிரஸ் அணிக்கு 6,27,235. பா.ஜ.க.வின் சொந்த வாக்கு பெரிதும் குறையவில்லை. கூட வேண்டிய வாக்கு கூடவில்லை. ஆகவே கட்சிகளின் வாக்குகளைக் கூட்டிப் பார்ப்பதை முதலில் விட்டுவிட வேண்டும்.

திரட்சியை எந்த அளவில் எண்ணுவது என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் மாநில ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியாகிவிடுவதால், அங்கே திரட்சியை மாநில அளவிலேயே எண்ணலாம். நம் ஆளுநரை அரசியலமைப்பின் 155 ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். மாநில ஆட்சியை முடிவு செய்வது 234 தொகுதிகளில் தனித்தனியே நடக்கும் போட்டி என்பதால், தொகுதிக்குத் தொகுதி திரட்சி மாறும். 2016 இல் மாநிலத்தை வென்ற அ.தி.மு.க. குமரியின் ஆறு தொகுதிகளில் ஒன்றைக்கூடப் பெறவில்லை.

வேலையைத் தொடங்க இரண்டு ஆவணங்கள் போதும். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகளைக் காட்டும் படிவம் 20 தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். மற்றொன்று வாக்காளர் பட்டியல். சாவடிக்கு ஒன்றாக அமைந்த அதன் ஒவ்வொரு பாகத்தின் முதல் பக்கத்திலும் அதில் அடங்கும் தெருக்களும் மொத்த வாக்காளர் எண்ணிக்கையும் இருக்கும். தபால் வாக்குகள் சாவடிக் கணக்கில் சேராமல் தனியே வரும் என்பதால் அவற்றை விட்டுவிடலாம்.

பிறகு சாவடிகளைத் தொகுதி எல்லையை மறந்து, வாழ்வின் அடிப்படையில் பிரிக்க வேண்டும். கன்னியாகுமரித் தொகுதி ஒன்றிலேயே தோவாளை, பூதப்பாண்டிப் பக்கத்து நெல்வயல் ஊர்களும் கடற்கரை மீனவ ஊர்களும் இருக்கின்றன; இவற்றை ஒன்றாக எண்ணினால் எதுவும் தெரியாது. கடற்கரை, நாஞ்சில் நாட்டு வயல்புறம், நாகர்கோவில் நகரம், குலசேகரத்தையும் அருமனையையும் சுற்றிய ரப்பர் மலைப்புறம் என்று நான்காகப் பிரித்துத் தொடங்குவது நல்லது.

சாவடிகளின் வரிசை எண்களை நம்பி இரண்டு தேர்தல்களை ஒப்பிடக் கூடாது. கொரோனா காலத்தில் நடந்த 2021 தேர்தலில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு மேல் வாக்காளர் இருந்த சாவடிகள் பிரிக்கப்பட்டன. அவற்றைத் தெருக்களின் பெயரைக் கொண்டு மீண்டும் ஒன்றாக்கிய பிறகே 2016 எண்ணோடு வைத்துப் பார்க்கலாம். விழுக்காட்டோடு வாக்கின் எண்ணிக்கையையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கட்சியின் வாக்கு அப்படியே இருந்து விழுக்காடு மட்டும் குறைந்திருந்தால், அதன் ஆட்கள் விலகவில்லை, புதியவர்கள் எதிர்ப்பக்கம் வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்றே பெரும்பாலும் கொள்ள வேண்டும்.

நமக்கு வாய்த்த மிகச் சிறந்த சான்று 2021 ஏப்ரல் 6 ஆம் நாள்தான். அன்று சட்டமன்றத் தேர்தலும், 2019 இல் வென்ற காங்கிரஸ் உறுப்பினர் வசந்தகுமாரின் மறைவால் வந்த மக்களவை இடைத்தேர்தலும் ஒரே சாவடியில் ஒரே வரிசையில் நடந்தன. மக்களவைக்குக் காங்கிரஸின் விஜய் வசந்த் 1,37,950 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதே நாளில் நாகர்கோவில் சட்டமன்றத் தொகுதியைப் பா.ஜ.க.வும் கன்னியாகுமரித் தொகுதியை அ.தி.மு.க.வும் வென்றன. நாகர்கோவிலின் ஒவ்வொரு சாவடியிலும் மக்களவைக்குக் கைச் சின்னத்துக்கும், சட்டமன்றத்துக்கு அதே அணியின் உதயசூரியனுக்கும் விழுந்த வாக்குகளை அருகருகே எழுதிக் கழித்துப் பாருங்கள். கன்னியாகுமரித் தொகுதியில் இதேபோலத் தாமரையையும் இரட்டை இலையையும் வைத்துப் பாருங்கள். வாக்களித்தவர்கள் ஏறக்குறைய ஒரே ஆட்கள் என்பதால், வித்தியாசம் எந்த ஊரில் பெரிதாக இருக்கிறதோ அங்கே கட்சிக் கூட்டணி வாக்காளரிடம் முழுதாகப் போய்ச் சேரவில்லை என்று துணிந்து சொல்லலாம். இரண்டு வெவ்வேறு ஆண்டுகளை ஒப்பிடும்போது இந்த உறுதி கிடைக்காது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இம்மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறித்தவர்கள் 46.85 விழுக்காடு. இந்த எண்களை வைத்துக்கொண்டே தேர்தலை விளக்கிவிடுவோர் பலர். அது தவறு என்பதே என் உறுதியான கருத்து. 2006 இல் விளவங்கோட்டையும், பின்னர் தொகுதிச் சீரமைப்பில் மறைந்த திருவட்டாற்றையும் மார்க்சிஸ்ட் கட்சி வென்றது. மதத்தை மட்டும் எண்ணுபவர்களால் இந்த வெற்றியை விளக்க முடியாது. தொழில், கூலி, தொழிற்சங்கம் ஆகியவற்றையும் ஒரு கட்டமாக உங்கள் அட்டவணையில் சேர்க்க வேண்டும். மேலும், சாவடிக் கணக்கு ஒரு தெருவின் போக்கைச் சொல்லுமே தவிர, தனி மனிதர் யாருக்கு வாக்களித்தார் என்று ஒருபோதும் சொல்லாது. அந்த இரகசியத்தை ஊகத்தால்கூட உடைக்க முயலக் கூடாது.

கடற்கரைக் கணக்கில் கூடுதல் கவனம் தேவை. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்குபவர்கள். வாக்குப்பதிவு நாளில் படகுகள் கரை திரும்பாவிட்டால் பதிவு குறையும், அதை மனமாற்றம் என்று பிழையாகப் படிக்க நேரும். 2019 முடிவுக்கு 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலையும் இக்கடற்கரையில் அமைக்கவிருந்த துறைமுகத் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பையும் காரணமாகச் சொல்கிறார்கள். அவை காரணமாக இருந்தால் கடற்கரைச் சாவடிகளில் மாற்றம் மலைப்புறத்தைவிட மிகுதியாக இருக்க வேண்டும். 2014, 2019 படிவங்களை எடுத்து, முதலில் நீரோடியிலிருந்து குளச்சல் வரையுள்ள கடலோர ஊர்களுக்கும், அடுத்து அருமனைப் பக்கத்துச் சாவடிகளுக்கும் இதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.