சால்மன், ட்ரவுட் ட்ரோலிங்: முதலில் உங்கள் குண்டைத் திரையில் பாருங்கள்

படகை நிறுத்தாமல் மெல்ல ஓட்டிக்கொண்டே பின்னால் தூண்டிலை இழுத்துப் போவதுதான் ட்ரோலிங். சொல்ல எளிது. கடைக்குள் நுழைந்தால்தான் தலை சுற்றும். டவுன்ரிக்கர், டைவர், பிளேனர் போர்டு, லெட்கோர், சோனார், ஜிபிஎஸ் என்று சுவர் நிறையத் தொங்கும். மிரள வேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை இரண்டே கேள்விக்குப் பதில் தேடுகின்றன. லூர், அதாவது மீனை ஏமாற்றும் போலி இரை, இப்போது எந்த ஆழத்தில் ஓடுகிறது? என்ன வேகத்தில் ஓடுகிறது? இதைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சாமானைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்.

ஆழம் ஏன் இவ்வளவு முக்கியம்? கோடையில் பெரிய ஏரிகளில் தண்ணீர் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். மேலே வெதுவெதுப்பு, அடியில் 4 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிர். நடுவில் வெப்பம் சட்டென்று இறங்கும் பட்டைக்குப் பெயர் தெர்மோக்ளைன். சினூக் சால்மனுக்கு 10 முதல் 13 டிகிரி வரை பிடிக்கும். ஸ்டீல்ஹெட் ட்ரவுட் அதைவிடக் கொஞ்சம் சூடான தண்ணீரில் திரியும், லேக் ட்ரவுட் இன்னும் குளிர்ந்ததில் கிடக்கும். மேற்பரப்பு 20 டிகிரிக்கு ஏறிவிட்டால் மேலே லூர் இழுப்பது பெரும்பாலும் வீண் வேலை. வட அமெரிக்கப் பேரேரிகளில் இந்த முறை செழித்ததற்கும் இதுதான் காரணம். பெருகிப்போன ஏல்வைஃப் மீனைத் தின்னட்டும் என்று மிச்சிகன் ஏரியில் 1966இல் கோஹோ சால்மனையும் 1967இல் சினூக்கையும் விட்டார்கள். வளர்ந்த மீன் கோடையில் ஆழத்துக்குப் போய்விட, அதைத் தேடிக் கனத்த குண்டும் இறங்க வேண்டியிருந்தது.

படி 1: சாமான்

இரண்டு டவுன்ரிக்கர், ஒரு ஜோடி டைவர், ஒலி அலையால் படகுக்கு அடியில் இருப்பதைத் திரையில் காட்டும் ஒரு சோனார். தொடக்கத்துக்கு இது போதும். டவுன்ரிக்கர் ஒன்றே வாங்க முடியும் என்றாலும் பரவாயில்லை.

டவுன்ரிக்கர் என்பது கம்பி சுற்றிய ஒரு உருளைதான். கம்பி முனையில் 10 அல்லது 12 பவுண்டு ஈயக் குண்டு, குண்டுக்கு மேலே ஒரு கிளிப். தூண்டில் நரம்பை அந்தக் கிளிப்பில் மாட்டிக் குண்டை இறக்கினால் லூரும் கூடவே இறங்கும். மீன் அடித்ததும் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபடும். அதன்பின் குண்டின் கனம் இல்லாமல் மீனோடு மட்டும் நீங்கள் மல்லுக்கட்டலாம்.

ராடு எட்டரை அடி நீளத்தில், நன்றாக வளைவதாக இருக்கட்டும். விறைப்பான ராடு இதற்கு ஆகாது. ரீலில் 20 பவுண்டு தாங்கும் மோனோ (ஒற்றை இழை) நரம்பும், விட்ட நீளத்தைக் காட்டும் கவுண்டரும் வேண்டும். கவுண்டர் இல்லாத ரீல் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். அடித்த ஆழத்துக்கே மறுபடி இறக்கத் தெரியாவிட்டால் முதல் மீன் வெறும் அதிர்ஷ்டமாகவே போய்விடும்.

லூரில் இரண்டு வகை போதும். ஒன்று ஸ்பூன், கரண்டிபோல் வளைந்த உலோகத் தகடு. மற்றொன்று ஃப்ளாஷரும் அதன் பின்னால் இழைகள் கட்டிய ஃப்ளையும். ஃப்ளாஷர் சுழன்று மினுக்கி மீனைக் கூப்பிடும், ஃப்ளை கடி வாங்கும். நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். எனக்குத் தெரிந்தவரை ஒரு விஷயம் உறுதி: ஆழம் கூடக் கூடச் சிவப்புதான் முதலில் மங்கும், பச்சையும் நீலமும் நின்று தெரியும்.

படி 2: சோனாரைப் பொருத்துவது

பலரும் சொதப்புவது இங்கேதான். சோனாரின் ஒலியை அனுப்பி வாங்கும் ட்ரான்ஸ்டியூசர் படகின் பின்பலகையில், அடிப்பாகத்தை ஒட்டி, குமிழி வராத தண்ணீரில் அமர வேண்டும். ப்ரொபெல்லரிலிருந்து தள்ளியே வையுங்கள். படகின் அடியில் துருத்தி நிற்கும் வரிகளுக்கு நேர் பின்னால் வைத்தால் குமிழி வந்து திரை முழுக்கப் புள்ளியாகும். அதன் வயரை வெட்டிச் சுருக்காதீர்கள், மிச்சத்தைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள்.

மின்சாரத்தை இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் பேட்டரியிலிருந்து எடுக்காமல் தனி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுப்பது நல்லது. ஸ்டார்ட் செய்யும் நொடியில் வோல்டேஜ் தொப்பென்று விழும், சோனார் அணைந்து மறுபடி எழும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே கையேட்டில் சொன்ன அளவு ஃப்யூஸ் போடுங்கள். சோனார் வயரையும் விஎச்எஃப் ரேடியோ வயரையும் ஒரே கட்டாகக் கட்டினால் திரையில் மழை பெய்யும். மீன் கூட்டம் என்று நினைத்து நான் அந்த மழைக்கு மேலேயே அரைநாள் வட்டமடித்திருக்கிறேன்.

படி 3: திரையைப் படிப்பது

திரையின் வலது ஓரம் மட்டுமே இப்போது படகுக்கு அடியில் இருப்பது. இடப்பக்கம் நகர்ந்ததெல்லாம் கடந்துபோன தண்ணீர். மீன் ஏன் வில்லாகத் தெரிகிறது என்றால், சோனார் அலை கூம்பாக விரிகிறது. மீன் கூம்பின் ஓரத்தில் இருக்கும்போது தூரம் அதிகம், நடுவுக்கு வந்தால் குறைவு, வெளியேறும்போது மறுபடி அதிகம். அதுதான் அந்த வளைவு.

சென்சிட்டிவிட்டியை மெல்லக் கூட்டிப் பாருங்கள். தெர்மோக்ளைன் இருந்தால் புகைபோல ஒரு கிடைக்கோடு எழும். உங்கள் முதல் குண்டு அந்தக் கோட்டை ஒட்டி இறங்கட்டும்.

வில் தெரிந்ததும் லூர் அதைத் தாண்டிவிட்டது என்று கைவிட்டுவிடாதீர்கள். மணிக்கு 2.5 மைல் வேகம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 3.7 அடி. படகுக்கு 40 அடி பின்னால் வரும் லூர் அந்த மீனிடம் போய்ச் சேர இன்னும் 11 நொடி இருக்கிறது. ராடு நுனியைப் பார்க்க வேண்டிய நேரம் அதுதான்.

படி 4: குண்டை இறக்குவது

படகு ஓடிக்கொண்டே இருக்கட்டும். லூரைத் தண்ணீரில் விட்டு 20 அடி போல நரம்பை ஓடவிடுங்கள். ஃப்ளாஷர் என்றால் 10 அடியும் போதும். ஆழம் கூடினால் இந்த இடைவெளியைக் குறைக்கலாம். பிறகு நரம்பைக் கிளிப்பில் மாட்டி, ரீலின் பிடியை (நரம்பு ஓடாமல் தடுக்கும் இறுக்கத்தை) தளர்த்தி, குண்டை நிதானமாக இறக்குங்கள். ஆழம் வந்ததும் ரீலைச் சுற்றி ராடு வில்லாக வளையும்வரை இழுத்து வையுங்கள். அடித்த மீன் கிளிப்பை விடுவித்ததும் ராடு சடக்கென்று நிமிரும், அப்போது நரம்பில் தொய்வே இருக்கக் கூடாது.

டவுன்ரிக்கரின் பிரேக்கை ஒருபோதும் முழுக்க இறுக்காதீர்கள். முதல் வருடம் நான் இறுக்கியிருந்தேன். தரை மேடேறியதைக் கவனிக்கவில்லை. குண்டு எதிலோ மாட்டியது, படகின் பின்பக்கம் ஒரு மூலையாகத் தாழ்ந்து அலை உள்ளே ஏறியது. கம்பி அறுந்ததால் பிழைத்தோம். குண்டைத் தாங்கும் அளவுக்கு மட்டும் பிரேக் பிடிக்கட்டும், மாட்டினால் வழுக்கிக் கம்பியை விட்டுக்கொடுக்கட்டும். லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்கு அடியில் அல்ல.

இனி தலைப்பில் சொன்ன விஷயம். டவுன்ரிக்கரின் கவுண்டர் 60 அடி காட்டினால் குண்டு 60 அடியில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. தண்ணீர் தள்ளுவதால் கம்பி பின்னால் சாயும். 20 டிகிரி சாய்ந்தால் 60 அடிக் கம்பிக்கு உண்மை ஆழம் 56 அடி, குண்டு 20 அடி பின்தங்கியிருக்கும். 30 டிகிரி சாய்ந்தால் 100 அடிக்கு 87தான். சோனாரின் 200 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் கூம்பு 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 56 அடியில் அது நடுவிலிருந்து பத்தடிகூட விரிவதில்லை. குண்டு அதற்கு வெளியே போய்விடும், திரையில் வராது. என்ன செய்யலாம்? கூம்பு அகலமாக விரியும் குறைந்த அலைவரிசைக்கு மாறுங்கள், 50 கிலோஹெர்ட்ஸ் போல. அல்லது குண்டின் கனத்தைக் கூட்டுங்கள். வலது ஓரத்திலிருந்து நீளும் வளையாத கோடாகக் குண்டு தெரியத் தொடங்கும். குண்டை ஐந்தடி ஏற்றிப் பாருங்கள், கோடும் ஏறினால் அது உங்களுடையதுதான்.

படி 5: டைவர்

டைவர் என்பது வட்டத் தட்டு. இழுக்கும்போது தண்ணீரின் விசையில் தானே முக்குளிக்கும். அடியில் 0 முதல் 3 வரை எண் இருக்கும். 0 வைத்தால் நேராக ஆழத்துக்குப் போகும், எண் கூடக் கூடப் பக்கவாட்டில் விலகும், ஆழம் குறையும். இரண்டு பக்கமும் 3 வைத்துவிட்டால் நடுவில் டவுன்ரிக்கர்களுக்கு இடம் கிடைக்கும். இதற்கு நீளாத பிரெய்டு (பின்னிய) நரம்பும் ஒன்பது அடிக்குக் குறையாத ராடும் வேண்டும். இழுவை கடுமையாக இருக்கும்.

படி 6: வேகம்

சால்மனுக்கு மணிக்கு 2 முதல் 3 மைல். லேக் ட்ரவுட்டுக்கு அதைவிட மெதுவாக. ஆனால் ஜிபிஎஸ் காட்டுவது தரையின் மேல் படகின் வேகம், லூருக்கு அது தெரியாது. ஆழத்தில் நீரோட்டம் எதிரே வந்தால் லூர் பறக்கும், கூடவே ஓடினால் செத்ததுபோல் தொங்கும். போகும்போது அடிக்கிறது, அதே தடத்தில் திரும்பி வரும்போது அடிப்பதில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் கோளாறு. குண்டின் அருகே மாட்டும் வேக உணரிகள் விற்கிறார்கள், முதல் வருடத்துக்கு அது தேவையில்லை. கம்பியின் சாய்வைப் பாருங்கள். இரு திசையிலும் ஒரே சாய்வு வரும்படி இன்ஜினைக் கூட்டிக் குறைத்தால் ஏறக்குறைய சரியாக வரும்.

இன்னொரு சுலப வழி, பாம்புபோல வளைந்து வளைந்து ஓட்டுவது. வளைவின் உட்பக்க லூர் மெதுவாகும், வெளிப்பக்க லூர் வேகமெடுக்கும். உட்பக்கம் அடித்தால் வேகத்தைக் குறையுங்கள், வெளிப்பக்கம் அடித்தால் கூட்டுங்கள்.

மீன் அடித்ததும்

இன்ஜினை அணைக்காதீர்கள். நின்றால் மற்ற நரம்புகள் எல்லாம் தாழ்ந்து பின்னிக்கொள்ளும். கொஞ்சம் வேகம் குறைத்து, பக்கத்து டவுன்ரிக்கரை மட்டும் ஏற்றுங்கள். ரீலின் பிடி நரம்பின் பலத்தில் நாலில் ஒரு பங்குக்குள், அதாவது 20 பவுண்டு நரம்புக்கு 5 பவுண்டுக்குள் இருக்கட்டும். சினூக் முதல் ஓட்டத்தில் நூறு கெஜம் ஓடினாலும் ஓடட்டும்.

ஒருவர் மீனோடு போராடும்போது இன்னொருவர் ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்து, கவுண்டர் எண், வேகம், திசை, லூரின் நிறம் நான்கையும் எழுதிவிட வேண்டும். மீனை வலையில் அள்ளிய பிறகு எழுதலாம் என்றால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பேனா வேண்டாம், நனைந்த தாளில் பென்சில்தான் எழுதும்.