குழு முகாமில் அடிக்கடி ட்ரிப் ஆன மின்சாரம்: சரிசெய்த விதம்

நண்பர்களோடு மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) குழு தொடங்கினால், சந்தா பற்றிய பேச்சு ஒரு மாலையில் முடிந்துவிடும். பெரிய தலைவலி மின்சாரம்தான். எங்கள் குழுவில் இரண்டு வண்டிகள் ஒரு இணைப்பைப் பகிர்ந்துகொண்டன. காலையில் இரண்டிலும் கெட்டில் போட்டதுமே பிரேக்கர் விழுந்து மின்சாரம் நின்றுவிடும்.

230 வோல்ட், 16 ஆம்ப் இணைப்பில் கிடைப்பது 3,680 வாட். 2,000 வாட் கெட்டில் இரண்டு, கூடவே ஏசி என்றால் தாங்காது. ஒவ்வொரு சாதனத்தின் வாட் அளவையும் எழுதி ஒட்டினோம். வெந்நீரைக் கேஸ் அடுப்புக்கு மாற்றினோம். அப்போது கூரை ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். ஏசி ஓடும் நேரத்தில் கெட்டில் கிடையாது.

கேபிள்தான் பலர் கவனிக்காத இடம். 25 மீட்டருக்கு 2.5 சதுர மி.மீ. மூன்று கோர் (உள்ளே மூன்று கம்பிகள் உள்ள) கேபிள் போதும். ஆனால் சுருளை முழுக்கப் பிரித்துப் போடுங்கள். சுற்றியபடி விட்டால் உள்ளே வெப்பம் தேங்கி இன்சுலேஷன் உருகும். பிளக் சூடானால் உள்ளே திருகு தளர்ந்திருக்கலாம். இணைப்பைக் கழற்றிய பிறகே இறுக்குங்கள். வண்டியிலுள்ள 30 மில்லி ஆம்ப் ஆர்சிடியின் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) டெஸ்ட் பட்டனை ஒவ்வொரு முகாமிலும் இணைத்தவுடன் அழுத்திப் பாருங்கள். ஆர்சிடி விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கவில்லையென்றால் அந்த வண்டிக்கு மின்சாரம் தராதீர்கள்.