தாலின் பழைய நகரத்தை மேலிருந்து கீழாகப் பாருங்கள்

எஸ்டோனியாவின் தலைநகர் தாலினுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் வீரு வாயில் வழியாக உள்ளே வந்து, நேரே டவுன் ஹால் சதுக்கத்துக்குப் போய், அங்கே இருப்பதிலேயே விலை கூடின மேஜையில் உட்கார்ந்து பாதி நாளைத் தொலைத்துவிடுகிறார்கள். நீங்கள் காலை எட்டு மணிக்கே பழைய நகரத்தின் மேல்பகுதியான டூம்பியா குன்றின் மேல் இருங்கள். கோடையில் சொகுசுக் கப்பல் கூட்டம் வந்து சேர்ந்துவிட்டால் கோஹ்டுவோட்சா காட்சிமேடையில் கால் வைக்க இடம் கிடைக்காது. சிவப்பு ஓட்டுக்கூரைகள், கூம்புக் கோபுரங்கள், அந்தப் பக்கம் கடல், எல்லாம் அங்கிருந்தே தெரியும். மதில் கோபுரங்களைப் பார்க்கப் பக்கத்திலுள்ள பட்குலி மேடைதான் சரி.

அப்புறம் லூஹிகே யால்க் என்ற சந்து வழியாகப் படியிறங்குங்கள். ஒரு காலத்தில் மேலே பிரபுக்களும் பிஷப்பும், கீழே ஹான்சா என்ற வட ஐரோப்பிய வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த வணிகர்களும் இருந்தார்கள், இரண்டு தரப்புக்கும் ஒத்துவராததால் நடுவே மதில் எழுப்பி ராத்திரியில் கதவைச் சாத்திவிடுவார்களாம். தடித்த மரக்கதவு ஒன்று இன்னும் அங்கே இருக்கிறது.

சதுக்கத்தில் 1404இல் கட்டி முடித்த டவுன் ஹாலை எல்லோரும் படம் எடுப்பார்கள், எதிர் மூலையில் இருக்கும் மருந்துக்கடையைப் பலர் கவனிப்பதே இல்லை. 1422ஆம் ஆண்டின் ஆவணத்திலேயே அதைப் பற்றிய குறிப்பு உண்டு, இன்றும் மாத்திரை விற்கிறார்கள். பின்னறையில் சின்னக் காட்சிக்கூடம்: கண்ணாடிப் புட்டிகள், பழைய தராசு, அந்தக் காலத்தில் மருந்தென்று கொடுத்த எரித்த தேனீ வகையறா. பத்து நிமிடம் போதும்.

முழங்காலில் தெம்பிருந்தால் ஒலெவிஸ்டே தேவாலயக் கோபுரத்தில் ஏறலாம், ஆனால் படிகள் இருநூறுக்கு மேல், குறுகலான சுழல்படி, இறங்குகிறவர் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். மதில்மேல் நடக்க ஆசையென்றால் ஹெல்லெமன் கோபுரத்துக்குப் போங்கள்.

சாப்பாட்டுக்கு மதிலைத் தாண்டி வெளியே வந்துவிடுங்கள். ரயில் நிலையத்தை ஒட்டிய பால்ட்டி யாம் சந்தையில் உள்ளூர்க்காரர்களோடு நின்று சாப்பிடலாம், கறுப்பு ரொட்டியும் வாங்கிக்கொள்ளலாம்.

தரையெல்லாம் உருண்டைக் கல், மழை பெய்தால் வழுக்கும். சக்கரப்பெட்டியை இழுத்தால் சக்கரம்தான் போகும், அதனால் விடுதியை மதிலுக்கு வெளியே பிடியுங்கள். டிசம்பரில் ஆறு மணி நேரம்தான் வெளிச்சம், ஜூனில் ராத்திரி பத்துக்கும் வெயில் இருக்கும். ஹெல்சிங்கியிலிருந்து கப்பலில் இரண்டு மணி நேரம்தான் என்பதால் பலர் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள், முடிந்தால் ஒரு ராத்திரியாவது தங்குங்கள்.