'வருவதாக இருந்தது'க்கு ஆங்கிலத்தில் என்ன?

எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்ல 'வாஸ் சப்போஸ்ட் டு' போதும். நடந்துவிட்டதென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 'த பார்சல் வாஸ் சப்போஸ்ட் டு கம் ஆன் மண்டே' என்று மெயில் போட்டால், திங்கட்கிழமை வரவில்லை என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். வந்திருந்தால் நேராக 'கேம்' என்றே எழுதியிருப்பீர்களே! நம் 'வருவதாக இருந்தது' செய்வதும் அதே வேலைதான்.

கணிப்பு பலித்ததா? 'ஐ நியூ இட் வுட் ரெய்ன்' (மழை வரும் என்று எனக்கு அப்போதே தெரியும்) என்று எழுதுங்கள். 'ஐ தாட்' கொஞ்சம் வம்பு பிடித்தது. பேச்சில் 'தாட்' மேல் அழுத்தம் கொடுத்தால் 'நினைத்தேன், அப்படியே ஆச்சு' என்றாகும். 'ரெய்ன்' மேல் கொடுத்தால் மழை ஏமாற்றிவிட்டது. எழுத்தில் அழுத்தம் தெரியாதே, அதனால் அங்கே 'நியூ'தான் பத்திரம்.

'வாஸ் சப்போஸ்ட் டு' என்றால் நடக்கவில்லை என்ற கணக்கு இரண்டு இடத்தில் செல்லாது. 'ஜஸ்ட் ஆஸ் இட் வாஸ் சப்போஸ்ட் டு' என்றால் சொன்னபடி நடந்தது என்று பொருள். 'இஸ் சப்போஸ்ட் டு' என்று நிகழ்காலத்தில் வந்தால் அது வெறும் ஏற்பாடு, அல்லது விதி. நடக்குமா என்பது அப்புறம்தான் தெரியும்.