கடைசி ஐந்து நொடியை நம்பி வருடம் எழுதாதீர்கள்

"ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி, சோனிக்காரன் எடுத்த சீரியல்தானே?" தொண்ணூறுகளில் கேபிள் இணைப்போடு வளர்ந்த சென்னைக்காரர்கள் சிலர் இதைச் சந்தேகமே இல்லாமல் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்தத் தொடரை அவர்கள் பார்த்தது சோனி சேனலில், ஜீனி இந்தியில் பேசியபோது. பிறகு எங்கே தேடிப் பார்த்தாலும், கடைசிப் பெயர்கள் ஓடி முடிந்ததும் சோனி பிக்சர்ஸ் டெலிவிஷன் லோகோதான் வந்து நிற்கும். ஆனால் ஜீனி தொடங்கியது 1965-இல். எடுத்தது ஸ்க்ரீன் ஜெம்ஸ், அதாவது கொலம்பியா பிக்சர்ஸின் தொலைக்காட்சிப் பிரிவு. கொலம்பியாவைச் சோனி வாங்கியதே 1989-இல்தான்.

டிவி ஸ்டுடியோக்களின் முடிவு லோகோக்களைச் சேகரிப்பவர்களும் அவற்றின் வரலாற்றை எழுதுபவர்களும் உலகமெங்கும் இருக்கிறார்கள், நம்மூரிலும் உண்டு. அவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஜீனிப் பிழையின் தம்பி தங்கைகள்தான். லோகோ நிகழ்ச்சிக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது நாம் பார்க்கும் பிரதிக்குச் சொந்தம். உரிமை கைமாறும்போதெல்லாம் புதிய உரிமையாளர் பழைய லோகோவை எடுத்துவிட்டுத் தன்னுடையதை ஒட்டிவிடுவார். மவுண்ட் ரோடு சுவரில் போன வாரப் போஸ்டர் மேல் இந்த வாரப் போஸ்டர் ஏறுவது மாதிரிதான். அடியில் இருப்பது தெரியவில்லை என்பதால் அது இல்லாமல் போய்விடாது.

ஸ்க்ரீன் ஜெம்ஸையே எடுத்துக்கொள்வோம். 1974-இல் அது கொலம்பியா பிக்சர்ஸ் டெலிவிஷன் ஆனது. 1982-இல் கொலம்பியாவைக் கோகோ கோலா வாங்கியது, 1989-இல் சோனியிடம் போனது. 1994-இல் பெயர் கொலம்பியா ட்ரைஸ்டார் டெலிவிஷன், 2002-இல் சோனி பிக்சர்ஸ் டெலிவிஷன். ஜீனியின் ஒரே எபிசோட் இந்தப் பெயர்களில் எதைத் தாங்கி வந்தாலும் ஆச்சரியமில்லை. லோகோவைப் பார்த்து "இது 1994 எபிசோட்" என்று எழுதுபவர் கிட்டத்தட்ட முப்பது வருடம் தள்ளி எழுதுகிறார்.

ஸ்டார் ட்ரெக்கிலும் இதே கதை. 1966-இல் அது தொடங்கியபோது எடுத்தது நடிகை லூசில் பாலின் டெசிலூ ஸ்டுடியோ. 1967-இல் டெசிலூ, கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் குழுமத்துக்கு விற்கப்பட்டு, பாரமவுண்டின் தொலைக்காட்சிப் பிரிவானது. மூன்றாவது சீசனைப் பாரமவுண்ட் தயாரிப்பு என்று தாராளமாக எழுதலாம். முதல் சீசனை அப்படி எழுதினால் தவறு, திரையில் பாரமவுண்டின் மலைச் சின்னம் எத்தனை பெரிதாக வந்து நின்றாலும்.

அப்படியானால் எதை நம்புவது? லோகோவுக்குச் சற்று முன்னால், பெயர்ப் பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் வரும் காப்புரிமை வரியை. லோகோவை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை, ஏனென்றால் அது எபிசோடின் படச்சுருளிலேயே அச்சாகி இருக்கும். பழைய அமெரிக்கத் தொடர்களில் அந்த ஆண்டு ரோமன் எண்ணில்தான் இருக்கும், அதில்தான் அடுத்த வழுக்கல். எம்.சி.எம்.எல்.எக்ஸ். (MCMLX) வரை 1960. அதன் பிறகு ஐ, வி என்று வந்தால் 1964. வி, ஐ என்று வந்தால் 1966. தேய்ந்த பிரிண்டில், ஒரு நொடியில் ஓடிவிடும் வரியில், அந்த இரண்டு எழுத்தின் வரிசையை மாற்றிப் படிப்பது மிகச் சுலபம். படத்தை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள்.

இன்னொரு பொறி, நிறம். ஜீனியின் முதல் சீசன் கறுப்பு வெள்ளை. அந்த சீசனுக்குப் பின்னாளில் கணினியில் நிறம் ஏற்றிய பதிப்பும் விற்பனைக்கு வந்தது. அதைப் பார்த்துவிட்டு, 1965-லேயே எல்லாம் வண்ணத்தில் வந்ததாக எழுதிவிடக் கூடாது.

பெயர் மாறிய நாளும் லோகோ மாறிய நாளும்

இவை இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கம்பெனி பெயர் ஜனவரியில் மாறலாம். ஆனால் அமெரிக்கத் தொடர்களின் சீசன் பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கும், நடுவில் பழைய லோகோவோடு தயாரான எபிசோட்கள் வரிசையில் காத்திருக்கும். மறு ஒளிபரப்புக்காக ஊர் ஊராக அனுப்பிய பிரிண்ட்கள் இன்னும் பல வருடம் பழைய முகத்தோடே சுற்றும். அதனால் "இந்த லோகோ இத்தனாம் தேதியோடு முடிந்தது" என்று நாள் குறிப்பது எனக்கு எப்போதுமே உறுத்தும். "இந்த சீசனில் கடைசியாகக் காணப்பட்டது" என்று எழுதினால் போதும்.

நம்மூரில் இந்தப் பிழைக்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. "எண்பதுகளில் பொதிகையில் ஒளியும் ஒலியும் பார்த்தோம்." எண்பதுகளில் பொதிகை என்று ஒரு சேனலே கிடையாது. 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது சென்னைத் தொலைக்காட்சி நிலையம். செயற்கைக்கோள் வழியாக வந்த தமிழ்ச் சேனல் டிடி 5 என்று இருந்து, 2000 பொங்கலுக்குத்தான் பொதிகை என்ற பெயரைப் பெற்றது. 2024 ஜனவரியில் அது டிடி தமிழ் ஆனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தது சென்னை தூர்தர்ஷனை.

தூர்தர்ஷனின் சுழலும் கண்ணிலும் இதே தடுமாற்றம் உண்டு. சேப்பாக்கத்தில் நிலையம் திறந்த முதல் நாளே அந்தக் கண்ணும் ஷெனாய் இசையும் ஒலித்ததாகச் சிலர் எழுதுகிறார்கள். தூர்தர்ஷன் அகில இந்திய வானொலியிலிருந்து பிரிந்து தனி அமைப்பானது 1976 ஏப்ரல் 1. தேசிய வடிவமைப்புக் கழக மாணவராக இருந்த தேவாஷிஸ் பட்டாச்சார்யாவின் அந்தச் சின்னமும், ரவிசங்கரும் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும் அமைத்த அந்த இசையும் திரைக்கு வந்தது அந்தப் பிரிவை ஒட்டித்தான். சென்னை நிலையத்துக்கு அப்போதே ஏழு மாதம் ஆகிவிட்டது. இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு 1982-இல் வந்தது. "1978" என்று தலைப்புப் போட்டு வண்ணத்தில் சுழலும் கண்ணை யாராவது காட்டினால், அதை மெதுவாக ஓரமாக வைத்துவிடுங்கள்.

எடுத்தவர் யார், விற்றவர் யார், காட்டியவர் யார்

கடைசியில் வரிசையாக மூன்று லோகோ வந்தால் மூன்றுமே தயாரிப்பாளர்கள் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஐ லவ் லூசியின் பழைய மறு ஒளிபரப்புப் பிரதிகளில் வயாகாம் லோகோ இருக்கும். அந்தத் தொடர் தொடங்கிய 1951-இல் வயாகாம் பிறக்கவே இல்லை. நெட்வொர்க்குகளே மறு ஒளிபரப்பு வியாபாரமும் செய்யக் கூடாது என்று அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் 1970-இல் விதி போட்டது. அதனால் சி.பி.எஸ். நெட்வொர்க் தன் விநியோகப் பிரிவைத் தனியே பிரித்துவிட, அதுதான் 1971-இல் வயாகாம் ஆனது. அந்த லோகோ "நான் இதை விற்கிறேன்" என்கிறது, அவ்வளவுதான்.

சென்னையில் கணக்கே வேறு. இங்கே சீரியல் எடுத்தவர்கள் சினிமாவின் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். ஜெமினியின் ஊதுகுழல் இரட்டையர்கள் படத்துக்கு முன்னால் வந்து நின்றது போல, சீரியலிலும் பேனர் பெரும்பாலும் முன்னால்தான் வரும். கடைசியில் முகம் உறைந்து நிற்கும், "தொடரும்" என்று போடுவார்கள், அதோடு சரி. அமெரிக்க வழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு எபிசோடின் வாலை மட்டும் வெட்டிச் சேமிப்பவர்கள் தமிழ்த் தொடர்களின் பேனரைத் தவறவிடுவது இப்படித்தான்.

"அது சன் டிவி சீரியல்" என்று பேச்சில் சொல்லலாம், வரலாற்றில் எழுதும்போது அது போதாது. அந்நாட்களில் பல தயாரிப்பாளர்கள் சேனலுக்குக் கட்டணம் கட்டி ஸ்லாட் எடுத்து, அதில் வரும் விளம்பர நேரத்தைத் தாங்களே விற்றுச் சம்பாதித்தார்கள். சித்திக்கு ராடான், மெட்டி ஒலிக்கு சினி டைம்ஸ், கோலங்களுக்கு விகடன் டெலிவிஸ்டாஸ், மர்மதேசத்துக்கு கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள். இந்தப் பெயர்களை விட்டுவிட்டு மூலையில் இருக்கும் சூரியனை மட்டும் குறித்துவைத்தால் கதையில் பாதி போய்விடும். போதாததற்கு மூலை லோகோ மறு ஒளிபரப்பில் மாறிவிடும். 2020 ஊரடங்கில் மெட்டி ஒலியை மறுபடி போட்டபோது மூலையில் இருந்தது அந்த வருடத்து லோகோ. கதை 2002-இல் தொடங்கியது. தூர்தர்ஷன் காலத்து நிகழ்ச்சிகளில் இன்னொரு குழப்பம், சோப்போ பற்பசையோ "வழங்கும்" என்று முதலில் வரும் பெயர். அவர் விளம்பரதாரர், தயாரிப்பாளர் கடைசியில் எங்கோ சின்ன எழுத்தில் இருப்பார்.

காது சொல்வது

ஸ்க்ரீன் ஜெம்ஸின் 1965 லோகோவை அமெரிக்கக் குழந்தைகள் ஒரு தலைமுறையே பயந்து பார்த்தது. சிவப்புக் கோடுகள் ஒரு புள்ளியைச் சுற்றி வளைந்து எஸ் ஆகும், எரிக் சிடே அமைத்த எலக்ட்ரானிக் இசை கூடவே எழும். பயந்தவர்கள் வளர்ந்து அதற்கு "நரகத்து எஸ்" என்று பெயரும் வைத்துவிட்டார்கள். இந்த மாதிரி லோகோக்களில்தான் "நான் சின்ன வயதில் கேட்டது வேறு சுருதி, வேறு வெர்ஷன் ஒன்று இருக்கிறது" என்ற பேச்சு அதிகம் கிளம்பும்.

வேறு வெர்ஷன் இருக்கலாம். அதைத் தேடப் போகும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். அமெரிக்கத் தொடர்கள் பல நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் பிலிமில் எடுத்தவை. நம் பழைய டிவி முறையின் பெயர் பால் (PAL), நொடிக்கு 25 ஃப்ரேம். பிலிமிலிருந்து நேராகப் பால் டேப்புக்கு மாற்றினால் எல்லாம் 4 சதவீதம் வேகமாக ஓடும், சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். அதே எபிசோடை அமெரிக்க டேப்பிலிருந்து கன்வெர்ட்டர் வழியாக மாற்றியிருந்தால் சுருதி மாறாது. ஒரே லோகோ, இரண்டு சுருதி, புதிய வெர்ஷன் எதுவும் இல்லை. இழுபட்ட கேசட் இதைவிட மோசம், பாதியில் ஏறி பாதியில் இறங்கும். தம்புராவோடு வளர்ந்த காதுக்கு இது உடனே தெரியும், அதனாலேயே நம்மவர்கள் இதில் சீக்கிரம் ஏமாறுகிறார்கள்.

கேசட்டைக் கெடுக்கும் வழிகள்

சென்னை ஈரக் காற்றில் பரணில் கிடந்த வி.எச்.எஸ். கேசட்டை எடுத்தவுடன் டெக்கில் சொருகுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. முதலில் வெளிச்சத்தில் பிடித்து, கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாக டேப் சுற்றின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாக, திட்டுத் திட்டாக, நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை. ஓட்டினால் ஹெட்டில் அப்பிக்கொள்ளும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் போகும். அதைத் தனியாகப் பையில் போட்டு வைத்து, டேப் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ரிச்சி தெருவில் விசாரித்தால் பழைய டெக்குக்குக் கை வைக்கத் தெரிந்தவர் யாராவது கிடைக்க வாய்ப்புண்டு. எந்தக் கேசட்டையும் ஓட்டுவதற்கு முன், அதன் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது.

லோகோ வந்ததும் பாஸ் போட்டு மொபைலில் படம் எடுப்பதும் கூடாது. பாஸில் டேப் நிற்கும், ஹெட் உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஆசைப்பட்ட அந்த ஃப்ரேமைத்தான் அது தேய்க்கிறது. ஒரே ஓட்டமாகக் கணினியில் பதிவு செய்துவிட்டு அங்கே நிறுத்திப் பாருங்கள். பதிவு செய்ததில் லோகோவை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மீதியை அழிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். அடுத்து வரும் புடவைக்கடை விளம்பரம், ஆடித் தள்ளுபடி, "நாளை இரவு" என்ற அறிவிப்பு இவைதான் வருடத்தைப் பிடிக்க உதவுபவை.

போலிகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ரசிகர்கள் கணினியில் செய்த "அரிய லோகோ"க்கள் நிறைய. பிலிமின் சின்ன ஆட்டம்கூட இல்லாமல் கண்ணாடி போலத் துல்லியமாக, அகலத் திரைக்குக் கச்சிதமாக 1970-இன் லோகோ வந்தால், அது எந்த எபிசோடின் கடைசியில் வந்தது என்று கேளுங்கள். பதில் வராது. எதிர்த்திசையில் ஒரு பிழையும் உண்டு, உண்மையான வேடிக்கை வடிவங்களைப் போலி என்று ஒதுக்குவது. எம்.டி.எம். என்ற அமெரிக்க டிவி தயாரிப்புக் கம்பெனியின் லோகோப் பூனை, எம்.ஜி.எம். சிங்கத்தைக் கிண்டல் செய்து "மியாவ்" என்கும். ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸில் அதற்குப் போலீஸ் தொப்பி, செயின்ட் எல்ஸ்வேரில் அறுவை சிகிச்சை உடை. அந்த மருத்துவமனைத் தொடரின் கடைசி எபிசோடில், 1988-இல், பூனை மருத்துவக் கருவிகளோடு படுத்திருந்தது. நம்பச் சிரமமான அதுவும் அசல்தான். இவற்றை ஒரே லோகோவின் வேடங்களாகக் குறிக்க வேண்டும், புது லோகோக்களாக எண்ணக் கூடாது.

தேதிக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் புரட்டலாம், "இன்றைய தொலைக்காட்சி" பட்டியல் இருக்கும். அதிலும் ஒரு எச்சரிக்கை. அச்சானது திட்டம், ஒளிபரப்பானது வேறாக இருக்கலாம். கிரிக்கெட் நீண்டால் நிகழ்ச்சி தள்ளிப்போகும், தலைவர் மறைந்தால் சோக இசை வந்துவிடும். எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24, வியாழக்கிழமை. அந்த வாரத்துக்கென்று முன்பே அச்சான ஒரு பட்டியலில் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் என்று போட்டிருந்தாலும், அதை வைத்து அன்று அது ஒளிபரப்பானதாக எழுதிவிடாதீர்கள். சனிக்கிழமை நாளிதழையும் கேட்டு எடுத்து, என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.